நாற்பத்தாறு கிலோ

பார்க்கிறவர்கள் எல்லோரும் எங்கே விழுந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், தெருவில் பால் வாங்கப் போனால் அங்கேயும் கேட்கிறார்கள். கையில் தடி இருந்தால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நான் விழுந்ததால் எலும்பு முறியவில்லை. எலும்பு முறிந்ததால் விழுந்தேன். இதை ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லித் தெம்பு போய்விட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கணவர் காதர் அங்கே கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். வேலை, பிள்ளை, வீடு என்று ஆன பிறகு அறுபத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டேன். விளையாட்டு டீச்சருக்கு மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு வந்தாலே மூச்சு வாங்கியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் ஐம்பத்தெட்டு. அதுவரைக்கும் நான் செய்ததில் தவறே இல்லை என்று பின்னால் டாக்டரே சொன்னார். முழங்கால் வலி போனது, நன்றாகத் தூங்கினேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும், "டீச்சர், காலேஜ் பொண்ணு மாதிரி ஆயிட்டீகளே" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு ருசி உண்டு. பிரியாணியை விட்டுவிடலாம், அதை விட முடியாது.

காலையில் ஒரு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். அதற்கு மேல் வயிறு கேட்டால் காதர் காய்ச்சித் தரும் ஓட்ஸ் கஞ்சி ஒரு டம்ளர். இதை வைத்துக்கொண்டு தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். பிறகு பள்ளியில் நாள் முழுக்க வெயிலில் நின்றேன். திங்களும் வியாழனும் கட்டாயம் இல்லாத நஃபில் நோன்பு வைத்தேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த நோன்பு ஒன்றைக்கூட நான் அல்லாவுக்காக வைக்கவில்லை. எடை மெஷினுக்காக வைத்தேன். அது கடைசியில் நாற்பத்தாறு கிலோ காட்டியது.

மாதவிடாய் நின்றது. வயதாகிவிட்டது, நல்லதுதான், ஓடுவதற்கு இடைஞ்சல் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். தலைமுடி கொட்டியது, ஷாம்பூவை மாற்றினேன். சித்திரை வெயிலிலும் விரல் நுனி ஜில்லென்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போன வருடக் கடைசியில் இடது தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில் ஒரு வலி வந்தது. ஓடத் தொடங்கும்போது இருக்கும், செத்த நேரத்தில் மரத்துவிடும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்துக்கு வந்து அய்யனார் கோவில் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். மலை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. காலைக் கீழே வைத்தேன், கால் இருந்த இடத்தில் கால் இல்லை. ஈரச் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளுக்குள் கேட்டது. அதன் பிறகுதான் விழுந்தேன். தோப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் லோடு ஆட்டோவில் என்னைத் தூக்கிப் படுக்க வைத்து ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அவர் பேரைக் கேட்க எனக்கு நினைவு இல்லாமல் போய்விட்டது.

எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ. அந்த மெஷினுக்குள் படுத்திருக்கும்போது யாரோ தகர ஷெட்டின் மேல் கம்பியால் அடிப்பது போலச் சத்தம். அசையக் கூடாது என்றார்கள். எனக்கு அசையத் தெம்பும் இல்லை. வெளியே நாற்காலியில் காதர் என் ஓடுகிற ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் ஐம்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பின் மேல் முனையில் ஒரு பந்து இருக்கிறது, அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பந்தைத் தாங்குகிற கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது என்றார்.

"இது இன்னைக்கு ஆனது இல்ல. ரெண்டு மாசமாவே அங்க மயிரிழை மாதிரி விரிசல் இருந்திருக்கு. நீங்க அது மேலயே ஓடியிருக்கீங்க."

மூன்று ஸ்க்ரூ வைத்து முடுக்க வேண்டும், உடனே செய்ய வேண்டும், பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் கெட்டுப்போனால் எலும்பு ஒட்டாது என்றார். ஒட்டாவிட்டால் என்ன என்று காதர் கேட்டார். பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டியது வரும் என்றார் டாக்டர். காட்டிய இடத்தில் எல்லாம் காதர் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே நான் யாரோவாகப் படுத்திருந்தேன். ட்ரில் ஓடுகிற சத்தம் கேட்டது. வலி இல்லை. பயம் மட்டும் இருந்தது, அதுவும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது.

மூன்றாம் நாள் டாக்டர் ரத்த அறிக்கைகளோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசுகிற டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

"மாதவிடாய் எப்போ நின்னுச்சு?"

"ஒன்றரை வருசம் இருக்கும். வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"வயசுனால நின்னா ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஏறியிருக்கும். உங்களுக்கு ஏறல. ஒடம்பே அணைச்சு வச்சிருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். "வீட்ல லோ வோல்டேஜ் வந்தா என்ன செய்வீங்க? மோட்டார் ஓடியே ஆகணும்னா ஃபேன், லைட்டு, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் அணைச்சிருவீங்கள்ல? நீங்க மோட்டார ஓட்டிக்கிட்டே இருந்தீங்க. சாப்பாடு வரல. அதனால ஒடம்பு மாதவிடாய அணைச்சிருச்சு, எலும்பு கட்டுற வேலையையும் நிப்பாட்டிருச்சு. ஓடுற பிள்ளைங்க நெறைய பேருக்கு இது வருது. வெளிய பாத்தா ஃபிட்டா தெரிவாங்க."

எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் பின்னால் மதுரைக்குப் போய் எடுத்தோம். எழுபது வயதுக்காரியின் எலும்பு என்றார்கள். அந்த மூன்றாம் நாள் டாக்டர் எழுந்து போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "ஸ்க்ரூ நான் போட்டுட்டேன். எலும்பு ஒட்டுறது உங்க தட்டுலதான் இருக்கு."

அன்று மாலை டயட்டீஷியன் வந்தாள். தீபா என்று பெயர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். நாலு இட்லி, ஒரு கிண்ணம் சோறு, முட்டை என்று வரிசையாகப் பொய் சொன்னேன். அவள் அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

நிஜத்தில் நான் ஒரு இட்லிதான் சாப்பிட்டேன். சாப்பிட முடியவில்லை. பசி என்ற ஒன்று எனக்குள் செத்துப்போய் எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை. படுக்கையில் கிடக்கிறேன், ஓட்டம் இல்லை, இப்போது சாப்பிட்டால் அத்தனையும் சதையாக ஏறும் என்று ஒரு குரல் தலைக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது. தொடை எலும்பு முறிந்து கிடக்கிற மனுஷி இட்லியைப் பார்த்துப் பயந்தேன். மிச்சத்தை டிஷ்யூ தாளில் சுற்றிப் படுக்கைப் பக்கத்து டிராயரில் வைத்தேன். காதர் குளிக்கப் போகும்போது குப்பையில் போடச் சொல்லி ஆயாம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

பள்ளியிலிருந்து ஆசிரியைகள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். போகும்போது குனிந்து காதோடு கேட்டார். "மும்தாஜ், அந்த டயட் சார்ட்ட எனக்கு அனுப்புதேன்னு சொன்னீகளே, மறந்துட்டீகளா?" அந்த சார்ட் நான் எழுதியதுதான். ஆசிரியைகள் வாட்ஸப் குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு நகல் எடுத்து, காதர் கடையிலேயே இருபது ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் தீபா வந்தாள். என் மருந்துச் சீட்டைத் தேடி டிராயரைத் திறந்தாள். உள்ளே மூன்று இட்லியும் வெள்ளைக்கரு மட்டும் எடுக்கப்பட்ட ஒரு முட்டையும் தாளில் சுற்றிக் கிடந்தன. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டிராயரை மெதுவாக மூடிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா மேடம்?"

"வந்த நாள்லயிருந்து."

"சாருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். காதர் அந்த நேரம் பார்த்து பிளாஸ்க்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "இந்த இட்லிதான் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்." பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் தீபாவிடம் சொன்னார். "கேட்டா சண்டைக்கு வருவாம்மா. அதான் ஒரு வருசமா அவ குடிக்குற ஓட்ஸ் கஞ்சில கடலைய வறுத்துப் பொடிச்சு, சலிச்சுக் கலந்துக்கிட்டிருந்தேன். மேல கொஞ்சம் நெய்யும் விடுவேன். இல்லன்னா எப்பவோ விழுந்திருப்பா."

எனக்கு முதலில் வந்தது கோபம். போன வருடம் நான்கு மாதம் எடை இறங்காமல் நின்று, நான் மெஷினை மாற்றியதெல்லாம் ஞாபகம் வந்தது. பிறகு அவர் கடையை அடைத்துவிட்டு வந்து அந்தக் கடலையைச் சலித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்தது. அழுதேன். அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது, பாதியில் நின்றுவிட்டது.

தீபா புதிதாக ஒரு தாள் எடுத்து, முதலிலிருந்து எழுதலாம், இந்தத் தடவை நிஜத்தை எழுதலாம் என்றாள். ஓடுகிறவர்களுக்கு, வேலை செய்கிறவர்களுக்கு, உட்கார்ந்திருக்கிறவர்களைவிடச் சாப்பாடு அதிகம் வேண்டும், குறைவாக அல்ல என்று சொன்னாள். எடை குறைக்க வேண்டியவர்கள்கூட வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது, பயிற்சி செய்கிற நாளில் ஒரு வேளையையும் விடக் கூடாது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறோ இட்லியோ, கூடவே முட்டை, பயறு, பால் ஏதாவது உள்ளே போக வேண்டும். சோறு எதிரி இல்லை. பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நின்றால் அது சாப்பாடு போதவில்லை என்று உடம்பு அனுப்புகிற தகவலாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் இவற்றை ஒரு சின்னப் பெண் வாயால் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இதில் எனக்குப் புதிது என்று ஒன்றும் கிடையாது. பரீட்சைக்குப் படித்தவைதான்.

மறுநாள் மதியம் ஓர் அம்மா வந்தார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர், செல்வராணி. ஒன்பதாம் வகுப்பு கார்த்திகாவின் தாய். கார்த்திகா எங்கள் பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், என் கையில் கிடைத்த பிள்ளைகளிலேயே நல்ல கால் உள்ளவள். அந்த அம்மா ஆப்பிள் பையைக் கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நல்லாருக்கீகளா டீச்சர்? இந்த நேரத்துல வந்து இதச் சொல்லக் கூடாதுதான்."

"சொல்லுங்கம்மா."

"பிள்ள சாப்பிட மாட்டேங்கா டீச்சர். ஒரு தாள செவத்துல ஒட்டி வச்சிருக்கா. ரெண்டு சப்பாத்தி, அதுக்கு மேல தொட மாட்டேங்கா. திட்டிப் பாத்தேன், அடிச்சுக்கூடப் பாத்துட்டேன். எங்க டீச்சர் சொன்னதுன்னு சொல்லுதா." குரலைத் தாழ்த்தி, கதவுப் பக்கம் பார்த்தார். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு அஞ்சு மாசமா வரல. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னாக் கேப்பா. அதான் வந்தேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. என்னிடம் உதவி கேட்டு வந்திருந்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சண்டை பிடித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அம்மா, அந்தத் தாளு தப்பு" என்றேன். "நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன். அதுனாலதான் நானே இப்பிடிக் கெடக்கேன்."

செல்வராணி என் காலை, பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கால் தவறி விழுந்துட்டீகன்னுல்லா சொன்னாக" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ இத நீங்களே அவகிட்டச் சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா நம்ப மாட்டா."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் வீடியோவில் கூப்பிட்டார். திரையில் கார்த்திகா. மைதானத்தில் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் அன்றைக்குத்தான் கன்னத்து எலும்பைப் பார்த்தேன். பள்ளியில் அதைப் பார்த்து நன்றாக வற்றியிருக்கிறாள், ஓட்ட நேரம் குறையும் என்று நினைத்திருக்கிறேன்.

"கார்த்திகா, அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுரு."

"ஏன் டீச்சர்? நீங்க அத வச்சுத்தான மெலிஞ்சீக?"

"ஆமா. அத வச்சுத்தான் எலும்பு ஒடிஞ்சு இங்க கெடக்கேன்." மூன்று ஸ்க்ரூ, விரிசல் விட்ட எலும்பு, நின்றுபோன மாதவிடாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இப்ப நீங்க சாப்பிடுதீகளா?"

ஆமாம் என்றுதான் வாயில் வந்தது. எதிரே தட்டில் காதர் வைத்துவிட்டுப் போன மூன்று இட்லி, சாம்பார், முழு முட்டை. தொடாமல் ஆறிக் கிடந்தது.

"இல்ல. ஒளிச்சு வச்சேன். சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் ஒருத்தி பொய் சொன்னேன் என்று சொல்லி அவள் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டாள்.

"நானும் நாய்க்குப் போட்டுருதேன்" என்றாள். பின்னால் செல்வராணி, "அடிப்பாவி" என்றது கேட்டது.

ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வா என்றேன். முதல் இட்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது வாயில் ஏறவே இல்லை, சாம்பாரில் கரைத்துக் குடித்தேன். முட்டையின் மஞ்சள் கருவைத் தின்று ஐந்து வருடமாகியிருந்தது. கார்த்திகா ஒரு கரண்டி சோறு தின்றாள். பாதியில் அழுதாள். ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். அந்த வாரம் தீபாவிடம் சொல்லிக் கார்த்திகாவையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். ரத்தம் குறைவு என்று தெரிந்தது. பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். ஓட்டம் நிறுத்தம், சாப்பாடு கூடுதல், மாதம் ஒரு முறை வர வேண்டும்.

பத்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்சூரன்ஸ் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அதன் பிறகு இரண்டு மாதம் இடது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வாக்கரைத் தூக்கி வைத்து, ஒற்றைக் காலில் தத்தி, கழிப்பறைக்குப் போய் வருவதே ஒரு நாளின் பெரிய வேலை. காதர் கடைக்கும் வீட்டுக்கும் நாலு தடவை அலைந்தார். கேழ்வரகுக் கூழ், எள்ளுப்பொடி, நெத்திலிக் குழம்பு, பால். சாப்பிட்டேன் என்று நல்லபடியாக எழுத ஆசைதான். பாதி நாள் சாப்பிட்டேன், பாதி நாள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோன்பு மாதம் வந்தது, டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். தெருவே நோன்பு பிடிக்கையில் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூழ் குடித்தேன். எனக்கு இந்த வருடத்து நோன்பு அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

நான்காம் மாத எக்ஸ்ரேயில் டாக்டர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். எலும்பு கூடிவிட்டது, பந்துக்கு ரத்தம் போகிறது என்றார். ஐம்பத்து மூன்று கிலோ. எடை கூடியதற்காக என்னைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான். ரவிக்கைகள் எல்லாவற்றையும் பிரித்து விட்டுத் தைத்துக் கொடுத்தது செல்வராணி, காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் சொல்லித்தான் கார்த்திகாவுக்கு மறுபடியும் மாதவிடாய் வந்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கு இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். எலும்பின் அடர்த்தி பழையபடி முழுசாகத் திரும்பாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூனில் தடியோடு பள்ளிக்குப் போனேன். முதல் வேலையாக ஆசிரியைகள் குழுவில் எழுதினேன், நான் அனுப்பிய சார்ட் தவறு, அழித்துவிடுங்கள், நான் முறிந்தது அதனால்தான் என்று. கணக்கு டீச்சர் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார். மற்றவர்கள் பதில் போடவில்லை. விளையாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து நேரிலும் சொன்னேன்.

கார்த்திகா அதில் இல்லை. அவள் ஓட்டத்தை விட்டுவிட்டாள். டாக்டர் மெதுவாகத் தொடங்கலாம் என்று சொன்ன பிறகும் மைதானத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, "பிடிக்கல டீச்சர்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

போன வாரம் மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவ்வளவுதான் முடிகிறது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் கார்த்திகா மைதானத்தைக் குறுக்கே கடந்து என்னிடம் வந்தாள். கன்னம் தேறியிருந்தது. கையில் காகிதப் பொட்டலம், உள்ளே சூடாக வடை.

"எடுத்துக்கோங்க டீச்சர்."

"பொறவு சாப்பிடுதேன், வச்சிட்டுப் போ."

அவள் வைக்கவில்லை. பொட்டலத்தை நீட்டியபடியே நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது, அவளோடு வந்த பிள்ளைகள் ரோட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். எண்ணெய் விரலில் வழிந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசித் துண்டை நான் மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகுதான், "வாரேன் டீச்சர்" என்று சொல்லி பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.